தொண்டை மரத்திருக்கும் நேரம்

காஜா பெராங், மலாக்கா
18.1.1958

அன்பு மகள் பாக்கியலட்சுமிக்கு அப்பா எழுதுவது. சிங்கப்பூரில் நீ நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அம்மா வரும் புதன்கிழமை காலை தம்பின் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறாள். நீ வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்து டாக்டரின் பரிசோதனைக்குச் சம்மதித்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட வருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பொங்கலன்று பக்கத்து வீட்டில் பிளாச்சான் என்ற இறால் விழுதை வறுத்தார்கள். அந்த நெடி ஜன்னலில் ஏறியதுமே அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் விடவில்லை. திடீரென்று விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எலும்பில் விரிசல். இருபத்திரண்டு வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்த எனக்கு, அவளுக்குப் பிளாஸ்டர் ஒட்டக் கை ஓடவில்லை. "ஆறு மாசமா தொடாத கை, இப்ப மட்டும் எப்படி ஓடும்?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை.

உனக்கு ஒரு பொய் எழுதியிருக்கிறேன், பாக்கியம். அம்மா தானாகவே பின்னறையில் ஒதுங்கியிருப்பதாக எழுதினேனே, அது உண்மையில்லை. ஜூன் மாதம் ஊரையே படுக்கவைத்த ஃபுளூ எல்லோரையும் விட்டுப் போனது. இவளுக்கு மட்டும் இருமல் தங்கிவிட்டது. எத்தனையோ காசநோயாளிகளைப் பார்த்த கண் என்று எனக்குக் கர்வம்; இதுவும் அதுதான் என்று முடிவு கட்டினேன். தனிப் படுக்கை, தனித் தட்டு எல்லாம் நான் வைத்தது. மூன்று முறை சளியைச் சோதித்தும் கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம் என்று வந்த பிறகும் நான் மாற்றவில்லை.

சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்று பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனோம். எல்லோரோடும் சேர்ந்து முழங்க வாயைத் திறந்தவளுக்கு இருமல் வந்தது. சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். நானும் நாலடி தள்ளிப் போய், யாரோ போல நின்றேன். அவள் பார்த்துவிட்டாள்.

காய்ச்சலில் மூச்சுக்குழாய் நரம்புகள் பழுதாகி, ஒன்றுமில்லாததற்கெல்லாம் மூளைக்குத் தப்பான சேதி அனுப்புகின்றன என்று நீ எழுதியபோது சிரித்தேன். பூனையின் நரம்பைச் சோதிப்பவர்களுக்கு மனுஷ இருமல் என்ன தெரியும் என்றேன். இப்போது யோசித்தால், பேசினால் இருமல், சிரித்தால் இருமல், குளிர்ந்த காற்றுக்கும் இருமல். தூங்கும்போது மட்டும் இல்லை. கிருமி அப்படி ஓய்வெடுக்காது என்பது டிரசருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்தைத் தெளித்துத் தொண்டையை மரக்கவைத்து, இருமல் நின்றால் நரம்புதான் காரணம் என்று முடிவு செய்வார்கள் என்றாய். அதில் எனக்கு ஒரு பயம். மரத்த தொண்டைக்கு எது எங்கே இறங்குகிறது என்று தெரியாது. நுரையீரலுக்குள் தண்ணீர் போனாலும் இருமி வெளியே தள்ளாது. உணர்ச்சி முழுக்கத் திரும்பும்வரை அவளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தராதே. கெஞ்சினாலும் தராதே. பக்கத்தைவிட்டு நகராதே.

இருமல் நின்றுவிட்டால் அவள் பேசுவாள். ஏழு மாதமாக ஒரு பேச்சையும் அவளால் முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. என்னைப் பற்றி என்ன சொன்னாலும், எனக்காகப் பரிந்து பேசாதே, பாக்கியம். கடைசிவரை கேள்.

இறைவன் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உன் அப்பா,
சேதுராமன்