கடலுக்குள் பருத்திக்காடு

மாலத்தீவு
3.5.1998

அன்புள்ள அமுதாவுக்கு,

வேல்ராஜ் எழுதுவது. நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

ஒரு சேதி சொன்னால் சிரிப்பாய். இந்த உல்லாசத் தீவுக்குச் சமையல் வேலைக்கு வந்து மூன்று வருஷமாகியும் நான் கடலுக்குள் தலையை விட்டதில்லை. இடைசெவல்காரனுக்கும் நீச்சலுக்கும் என்ன சம்பந்தம்? நேற்று துணிந்து, முகத்தில் கண்ணாடியை மாட்டி, படகுத்துறை ஏணியைக் கெட்டியாகப் பிடித்தபடி உள்ளே பார்த்தேன். அடேயப்பா! பவளப்பாறையெல்லாம் வெள்ளைவெளேர் என்று இருக்கிறது. நம் கரிசலில் பருத்தி வெடித்து நிற்குமே, அப்படியே. இதைப் பார்க்கத்தான் வெள்ளைக்காரர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் போல.

நீயும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் இங்கே கூட்டம் குறைவு. அப்போது வேலைக்காரர்கள் மனைவியை அழைத்துவந்து காலி அறையில் தங்கவைக்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். கல்யாண லீவுக்குப் பிறகு உன் முகத்தைப் போட்டோவில்தானே பார்க்கிறேன். வந்துவிடு.

அன்புடன்,
வேல்ராஜ்

இடைசெவல்
22.5.1998

அன்புள்ள அத்தானுக்கு,

அமுதவள்ளி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "கடலுக்குள்ள பருத்தி வெடிச்சிருக்குன்னா எடுக்க ஆளு வேணும்லா? ஏட்டி, போயிட்டு வா" என்று ஒரே சிரிப்பு.

கல்யாண லீவில் நீங்கள் எழுதிப்போட்ட பாஸ்போர்ட் நேற்றுதான் வந்தது. போட்டோவில் திருடியைப் போல முழிக்கிறேன். கோவில்பட்டியில் சூட்கேஸ் வாங்கினேன். தெருவே வந்து தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறது.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். தனியாகப் படுத்துத் தனியாக எழுந்து எனக்குப் பேச்சே குறைந்துவிட்டது. உங்கள் எதிரில் உட்கார்ந்து ஒருவேளைச் சோறு சாப்பிட வேண்டும். ஆசை அவ்வளவுதான். எப்போது கிளம்ப வேண்டும் என்று எழுதுங்கள்.

தங்கள்,
அமுதவள்ளி

மாலத்தீவு
14.6.1998

அன்புள்ள அமுதா,

நான் மடையன். வருஷா வருஷம் கடலில் மூழ்கிப் பார்க்க வரும் ஜெர்மன்காரம்மா ஒருத்தி, கரையேறி உட்கார்ந்து அழுதாள். அழகாகத்தானே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அது பூத்ததல்ல, செத்தது என்றாள். இந்த வருஷம் கடல் சூடேறி, பவளமெல்லாம் நிறம் போய் வெளுத்துவிட்டதாம். வெள்ளையைக் கண்டால் விளைச்சல் என்று நினைக்கிற புத்தி எனக்கு. இப்போது அதன்மேல் பாசி படர்ந்து அழுக்காகக் கிடக்கிறது.

வருவதாகச் சொன்ன விருந்தாளிகளில் பாதிப் பேர் வரவில்லை. ஆட்களைக் குறைக்கிறார்கள். முதலாளியின் இன்னொரு தீவில் வேலை இருக்கிறது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு லீவும் கிடையாது, குடும்பத்தை அழைக்கவும் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆடி முடியும்வரை இங்கேதான் இருப்பேன். என்றாலும் நீ வர வேண்டாம். இங்கே பார்க்க ஒன்றுமில்லை. உன்னை வரவழைத்து இதையா காட்டுவது? வெட்கமாக இருக்கிறது.

வேல்ராஜ்

இடைசெவல்
30.6.1998

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை மாறுகிறது என்று மட்டும் அத்தையிடம் சொன்னேன். "அவன் சொகமா இருக்கானாட்டி?" என்று கேட்டார்கள். சுகம் என்றேன்.

பவளம் செத்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் விருந்தாளிகள் வராவிட்டால் அறைகள் காலியாகத்தானே கிடக்கும்? ஆடி முடியும்வரை நீங்களும் அங்கேதானே இருக்கிறீர்கள்? இது உங்களுக்குத் தோன்றவே இல்லை. கையெழுத்துப் போடும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றவில்லை.

பார்க்க ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடல் பார்க்க வேண்டுமானால் எனக்குத் தூத்துக்குடி பஸ் போதும், அத்தான். நான் கடலைப் பார்க்கவா கிளம்பினேன்?

இனி என்னை வரச்சொல்லி எழுத வேண்டாம். எழுதினால் நம்பிவிடுவேன்.

அமுதவள்ளி