கை வைக்காதீங்க

என்னங்க,

இதயத்தில் பம்பு வைத்த பிறகு நீங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போவது இது மூன்றாவது தடவை. வயிற்றில் பம்பின் ஒயர் வெளியே வரும் இடத்தில் சீழ் பிடித்ததை மறைத்து, "ஒண்ணுமில்லடி" என்றீர்களே, உங்களை என்ன செய்தால் தகும்?

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வீட்டிலிருக்கும் உங்கள் பம்பின் மாற்று பேட்டரிகளைச் சார்ஜில் போட்டு வைக்கிறேன்.

உங்கள் நெஞ்சில் தலை வைத்தாலே பம்பு இரைகிறது, தூக்கம் போகிறது என்று திட்டிக்கொண்டே இருந்தேன் அல்லவா? இப்போது வீட்டில் இரைவது பழைய ஃப்ரிட்ஜ் மட்டும்தான். அதன் கதவைச் சரிசெய்ய வந்தவர், "இந்தச் சத்தத்தையும் நிறுத்திடலாம்மா" என்றார். "அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்று கத்திவிட்டேன். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

சமையலறையில், அதன் பக்கத்தில்தான் பாய் விரித்துப் படுக்கிறேன். நீங்களே வந்து எழுப்பிக் கூட்டிப்போங்கள்.

உங்கள் சிடுமூஞ்சி