கப்பல்காரி விழும்போது

மார்ச் 3, செவ்வாய்

கடைக்கு வார விடுமுறை. அந்தக் கப்பல் வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை ஐந்தாவது முறையாக ஆடிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து கைபேசியை நீட்டினாள். கேம் கம்பெனியிலிருந்து இரண்டே வரி. மூன்றாம் பாகத்தில் கதாநாயகி கப்பல்காரிக்கு ஒரு சினிமா நடிகை முகமும் குரலும் கொடுக்கிறாராம். இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றியாம்.

இதுவரை குரல் கொடுத்தவள் இவள்தான். இரண்டு பாகம், ஒன்பது வருடம். இவளைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குரல் எனக்குத் தெரியும். கண் பரிசோதனைக்கு என் கண்ணாடிக் கடைக்கு வந்தவள் எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படித்தாள். நான் கையிலிருந்த லென்ஸைக் கீழே போட்டேன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அவள் பீன்ஸ் நறுக்கப் போய்விட்டாள்.

மார்ச் 9, திங்கள்

முன்னோட்டம் வந்துவிட்டது. நடுக்கடலில் முப்பது நாள் புயலில் கிடந்தவளுக்குப் புருவம் திருத்தியிருக்கிறார்கள். கன்னத்துத் தழும்பைக் காணோம். உடைந்த பல்லும் சரியாகிவிட்டது. கப்பலிலேயே பல் டாக்டர் இருக்கிறார் போல.

மனைவியின் தம்பி அந்த நடிகையின் பரம ரசிகன். பதினாறு முறை பார்த்துவிட்டானாம். "இப்பதான் மாமா அந்த கேமுக்கே ஒரு களை வந்திருக்கு" என்றான். சொந்த அக்காவின் வாயை அடைத்துவிட்டு வந்த களை. பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

மார்ச் 10

வீட்டில் அறிவித்துவிட்டேன். அந்த விளையாட்டு இந்த வாசற்படி ஏறாது.

"நான் கேட்டேனா?" என்றாள். கேட்கவில்லைதான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

ஏப்ரல் 2, வியாழன்

மூன்று நாளாக அவளுக்குத் தொண்டை கட்டிக்கிடக்கிறது. ஸ்டூடியோவில் குக்கர் விளம்பரமாம். குக்கர் விற்க எதற்குத் தொண்டை கிழியக் கத்த வேண்டும்? கேட்டால் வெந்நீர் தம்ளரைக் காட்டுகிறாள். எல்லாம் சைகைதான். உப்பு கேட்கிறாள் என்று நினைத்துச் சர்க்கரையை எடுத்துக் கொடுத்தேன். அதற்குத் திட்டும் சைகையில் விழுந்தது.

ஜூன் 12, வெள்ளி

மூன்றாம் பாகம் இன்று வந்துவிட்டது. பவர் பார்க்க வந்த ஆளிடம் "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்கிறேன். அவர் காலையிலிருந்து அதைத்தான் ஆடினாராம். கடல் எவ்வளவு தத்ரூபம் தெரியுமா என்கிறார். நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நடுவில் ஓடவா முடியும்? முழுவதையும் கேட்டுத் தொலைத்தேன்.

ஜூன் 16, செவ்வாய்

வாங்கிவிட்டேன்.

ஆறு வருடம் காத்திருந்த மனுஷன் வேறு என்னதான் செய்வான்? அவள் செவ்வாய்க்கிழமைகளில் ஸ்டூடியோ போனால் மாலையில்தான் வருவாள். பழைய ஃபிரேம்கள் போட்டுவைக்கும் டப்பாவுக்குள் டிஸ்க்கை ஒளித்திருக்கிறேன். மானங்கெட்ட பிழைப்பு.

ஜூன் 23, செவ்வாய்

இது வேறு சங்கடம். அந்த நடிகை நன்றாகவே பேசுகிறார். மோசமாகப் பேசியிருந்தால் திட்டிக்கொண்டே நிம்மதியாக ஆடியிருப்பேன், அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. கப்பல்காரி இறந்துபோன மாலுமியின் கடிதத்தைப் படிக்கிற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு என் மேலேயே எரிச்சல். யாருக்காக அழுகிறாய் நீ? அடுத்த அறையில் உன் பெண்டாட்டியின் துணி காய்கிறது.

ஜூன் 28, ஞாயிறு

மச்சினன் சாப்பிட வந்தான். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ஒரே புகழ்ச்சி. "பாய்மரத்துலேருந்து விழும்போது ஒரு கத்து கத்துறாங்க பாருக்கா, உசுரே போயிடுச்சு. நடிகைன்னா அதான்" என்றான்.

அவள் சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போனாள். இங்கிருந்து பார்த்தால் முதுகு மட்டும் தெரிந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாள். இவன் இன்னும் கொஞ்சம் சாதம் கேட்கிறான். எழுந்து போய் இரண்டு வார்த்தை சொல்லலாம்தான் — டிஸ்க்கை டப்பாவில் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு சொல்வது?

ஜூன் 30, செவ்வாய்

இன்று பாய்மரம் வந்தது. கப்பல்காரியின் கால் வழுக்கியது. விழுந்தாள்.

அது நடிகை இல்லை.

இவள் கட்டில்காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் உடனே கத்த மாட்டாள். முதலில் மூச்சை உள்ளே இழுப்பாள். அரை நொடி கழித்துத்தான் சத்தம் வரும். அதில் வலியைவிடக் கட்டில் மேலே உள்ள கோபம்தான் அதிகம் இருக்கும். ஏழு வருடமாக அதைக் கேட்கிறேன். எனக்குத் தெரியாதா?

மறுபடி விழவைத்தேன். மறுபடியும். ஒன்பது முறை. வெட்டு வாங்கும்போது வரும் முனகல் அவள். ஏணியில் ஏறும்போது மூச்சு வாங்குவதும் அவள். பேசினால் மட்டும் நடிகை. குக்கராம் குக்கர்.

மெனுவுக்குப் போய், கடைசியில் ஓடும் பெயர்களைப் பதினான்கு நிமிடம் பார்த்தேன். டீ கொடுத்தவர் பெயர் இருக்கிறது. யாரோ ஒருவர் வளர்க்கும் நாயின் பெயர்கூட இருக்கிறது. இவள் பெயர் இல்லை. அயோக்கியர்கள்.

ஜூலை 3

கேட்க வேண்டும். கேட்டால் வாங்கியதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளும் மறைத்தாள், நானும் மறைத்தேன், அது சரிக்குச் சரி என்று மனசு வக்கீல் வேலை பார்க்கிறது. அவள் மறைத்தது வேலைக்காக. நான்?

ஜூலை 7, செவ்வாய்

மதியமே வந்துவிட்டாள். திரையில் கப்பல்காரி நிற்கிறாள், கையில் கண்ட்ரோலரோடு நான். பொய் சொல்ல நேரமில்லை. "பாய்மரத்துல விழறது நீதானே?" என்றேன்.

கைப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடிகை கத்த மாட்டேன் என்றுவிட்டாராம், தொண்டை போய்விடுமாம். அதனால் இவளைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் கத்தல், முனகல், மூச்சு. வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

"போன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"ஒம்பது வருஷம் அவளா இருந்திருக்கேன். விழும்போது வேற யாரோ கத்தினா எனக்குத் தாங்காதுங்க."

அன்றைக்குச் சமையலறையில் அழுதாயே என்றேன். "அழுதேனா? சிரிப்பை அடக்க முடியாம ஓடினேன்" என்றாள். நான் வாங்கியதும் அவளுக்குத் தெரியும். போன மாதமே டப்பாவைத் துடைத்திருக்கிறாள்.

பிறகு கண்ட்ரோலரை வாங்கிக் கப்பல்காரியைப் பாய்மரத்திலிருந்து தள்ளிவிட்டாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். "நாலாவது தடவை கத்தினதைப் போட்டிருக்காங்க. ரெண்டாவதுதான் நல்லா இருந்துச்சு." மாலை வரை தள்ளிக்கொண்டே இருந்தாள். நான் ஒரு கட்டம்கூடத் தாண்டவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

மச்சினன் மறுபடி வந்தான். மறுபடி அந்தக் கத்தல் புராணம். இப்படிக் கத்த இன்னொருத்தி பிறந்து வர வேண்டுமாம். எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், அது யாருன்னு" என்று வாயைத் திறந்தேன்.

மேசைக்கடியில் என் சுண்டுவிரல் மேல் அவள் குதிகால் இறங்கியது. நான் அலறிவிட்டேன்.

அவள் தம்பிக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "மூச்சை உள்ள இழுக்காமக் கத்துறீங்க" என்றாள்.