ஒரு பருவத்துக்கு இருபத்தெட்டாயிரம்

2025 ஜனவரி 11, சனி

டென்மார்க்கில், எங்கள் ஹோர்சன்ஸில் மூன்றாம் நாளாகப் பனி. சைக்கிளை எடுக்காமல் நூலகத்துக்கு நடந்தே போய் வந்தேன். வீட்டில் மகள் சாரங்கா வந்திருந்தாள். என்னைக் கண்டதும் தாயும் மகளும் கதையை நிறுத்தினார்கள். பிறகு மகள் சொன்னாள்: "அப்பா, நான் றொனிஷனைக் கலியாணம் செய்யப் போறன். ஓகஸ்ட்டில."

ரொறன்ரோவில் என் தங்கையின் மகன் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற பெடியன்.

"என்னட்டைக் கேக்கிறியோ, சொல்லுறியோ?"

"சொல்லுறன். ஆனா நீங்கள் ஓம் எண்டா எனக்குச் சந்தோசம்."

"என்ன வேலை?"

"லக்ரோஸ் விளையாடுறார். உள்ளரங்கில. புறொபெஷனல்."

விளையாட்டு ஒரு வேலையோ? நான் ஓம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டெனிஷ் மொழியையே அகராதியை வைத்து நானாகப் படித்தவன். இதையும் படித்துவிட்டுத்தான் பதில்.

ஜனவரி 14, செவ்வாய்

நூலகக் கணினியில் இரண்டு மணித்தியாலம். நுனியில் வலை கட்டிய தடி. அதில் இறப்பர்ப் பந்தை ஏந்திக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள். ஐஸ் ஹொக்கி ஆடும் அதே அரங்கம், அதே சுற்றுச்சுவர். ஐஸுக்கு மேல் பச்சை விரிப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். பந்து மணிக்கு நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் போகிறதாம்! சில ஊர்களில் ஒரு ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் இதைப் படைத்தவனின் ஆட்டம் என்கிறார்களாம். வாய் பிளந்து பார்த்தேன்.

ஹொக்கிக்காரரின் சம்பளம் பார்த்தேன். மில்லியன் கணக்கு. அதே அரங்கம், அதே சனம். அப்படியென்றால் இவர்களுக்கும் அப்படித்தானே? கணக்கு நேர்.

ஜனவரி 25, சனி

தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. நான் பின்வரிசையில். பதினான்கு வருடமாக அதுதான் என் இடம். தலைவர் குணசேகரம் கைகுலுக்க வரவில்லை, தூரத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "தவராஜா அண்ணை, மாப்பிள்ளை பாத்தாச்சாம். என்ன உழைக்கிறாராம்?"

நம்மவர்களுக்கு மாப்பிள்ளையின் பெயருக்கு முதல் உழைப்புத் தெரிய வேண்டும். "புறொபெஷனல் ஆட்டக்காரன். ஹொக்கிக்காரர் மாதிரி. மில்லியன்" என்றேன். முன்வரிசைத் தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

நன்றாக நித்திரை கொண்டேன்.

பெப்ரவரி 3, திங்கள்

சாரங்கா கோபம் வந்தால் டெனிஷில்தான் கதைப்பாள். இன்று முழுக்க டெனிஷ். மில்லியன் கதை அவள் வேலை செய்யும் ஹொல்ஸ்டெப்ரோ வரை போய்விட்டதாம். இயன்மருத்துவரான அவளிடம் முதுகுவலிக்கு வரும் நம்மவர் ஒருவர் சிகிச்சைக் கட்டிலில் படுத்துக்கொண்டே வாழ்த்தினாராம்.

"றொனிஷனைக் கேட்டீங்களோ? என்னைக் கேட்டீங்களோ?" என்று கடைசியில் தமிழுக்கு வந்தாள். "நாளைக்கு அவர் இங்க வந்து நிக்கேக்கை, அவர்தான் பொய் சொன்னவர் எண்டு நினைப்பினம்."

நான் பொய் சொன்னேனா? நான் படித்ததைச் சொன்னேன். அவனையே கேட்கிறேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

றொனிஷனோடு வீடியோவில் கதைத்தேன். அகன்ற தோள், கன்னத்தில் தையல். அப்போதுதான் விமானத்தால் இறங்கி வந்திருந்தான்.

"தம்பி, நேரே கேக்கிறன். விளையாடி என்ன உழைக்கிறீர்?"

"இருபத்தெட்டாயிரம் அங்கிள். கனேடியன் டொலர்."

"மாசத்துக்கோ?"

"இல்லை அங்கிள், சீசனுக்கு."

"ஒரு ஆட்டத்துக்கெண்டு சொல்லும்."

"சீசனுக்கு அங்கிள். பதினெட்டு மட்ச். நான் ஏழாம் வருசம், அதால இவ்வளவு. புதுசா வாற ஆக்களுக்கு இதில பாதியும் வராது."

கிழமை நாளில் மின்சார வேலையாம். வெள்ளி பின்னேரம் ஏணியால் இறங்கி விமானம் ஏறுவான். சனி ஆட்டம். ஞாயிறு வீடு. திங்கள் காலை ஏழு மணிக்கு மறுபடி ஏணி. அவனுடைய அணியில் பள்ளிக்கூட ஆசிரியர் இருக்கிறாராம், தீயணைப்புக்காரர் இருக்கிறாராம்.

"பிறகேன்ரா விளையாடுறாய்?" மரியாதை போய்விட்டது, என்ன செய்ய.

சிரித்தான். "காசு தராட்டியும் விளையாடுவன் அங்கிள். இப்ப பிளைட் டிக்கெற்றாவது தருகினம்."

நான் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டிய கடைசி வருடச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. நான் மண்டபத்தில் சொன்னது என்ன! ஐயோ, எல்லாச் சனத்துக்கும் முன்னால எல்லோ சொன்னனான்.

பெப்ரவரி 10, திங்கள்

நான் சொன்ன சொல்லை இதுவரை திரும்ப எடுத்ததில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

காலையில், நேற்று றொனிஷன் ஆடிய ஆட்டத்தின் பதிவை முழுதாகப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன்.

கோல் காப்பவன் ஒரு அலுமாரியளவு ஆள். கோல் சிறியது. அத்தனை வேகத்தில் வரும் பந்துக்கு நாமென்றால் விலகுவோம். அவன் நெஞ்சைக் கொடுக்கிறான். நாற்பது தரத்துக்கு மேல். ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் றொனிஷனின் விலாவில் தடி விழுந்தது. கீழே போனான். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அவன் எழும்பி, பந்தை வலையில் ஏந்தி, இரண்டு பேருக்கு நடுவால் புகுந்து, முதுகுப் பக்கமாக எறிந்தான். கோல்! பார்க்காமல் எறிந்தான், பார்க்காமல்!

அந்த விலாவோடு அவன் நாளை ஏழு மணிக்கு ஏணியில் நிற்பான். மில்லியன் வாங்குகிறவன் இப்படி ஆடினால் அதில் அதிசயம் இல்லை. இவன்... இவர்கள் எல்லோரும்... என்ன மனிதர்கள் இவர்கள்?

கடைசி ஐந்து நிமிடத்தை மூன்று தரம் போட்டுப் பார்த்தேன்.

மார்ச் 5, புதன்

மனைவி யோகமலர் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்கள் பத்தொன்பது வருசம் விசில் ஊதினதுக்கு எவ்வளவு தந்தவை?"

சங்கத்தின் வொலிபோல் போட்டிகளுக்கு நான்தான் நடுவர். விதிப்புத்தகத்தைத் தனியாகப் படித்து நடுவரானவன்.

"ஒரு மீன் றோல்ஸும் ஒரு கோக்கும்" என்றாள் அவளே. "அந்தப் பெடியனுக்குப் பிளைட் டிக்கெற் தருகினம். உங்களை விட முன்னேற்றம்."

2011 இறுதி ஆட்டம், ஹொல்ஸ்டெப்ரோவில். கடைசிப் பந்து. எங்கள் ஹோர்சன்ஸ் பெடியன் அடித்தது கோட்டுக்கு வெளியே விழுந்தது. நாலு விரற்கடை. வெளியே என்று காட்டினேன். நாங்கள் தோற்றோம். குணசேகரம் என்னிடம் விசிலை வாங்கிக்கொண்டு கேட்டார்: "அண்ணை, நீங்கள் எங்கட ஆளோ, அவையின்ர ஆளோ?" அன்றைக்குப் பின்வரிசைக்குப் போனவன் நான்.

சொந்த ஊருக்கு எதிராகக் கை உயர்த்தினேன். எனக்கு எதிராக உயர்த்த மட்டும் ஏன் கை வருகுதில்லை?

மார்ச் 28, வெள்ளி

சாரங்காவுக்கு இன்னும் ஓம் சொல்லவில்லை. பிழையைத் திருத்தாமல் ஓம் சொன்னால் அந்தப் பெடியனைப் பொய்யனாகத்தான் மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போவேன். நாளை சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம்.

மார்ச் 29, சனி

கடைசியில் "வேறு விடயங்கள்" என்றார்கள். எழும்பினேன்.

"பொங்கலண்டு நான் மருமகனுக்கு மில்லியன் எண்டு சொன்னனான். பிழை. அவர் சொல்லேல்லை, நான்தான் விசாரிக்காமல் சொன்னது. ஒரு சீசனுக்கு இருபத்தெட்டாயிரம் டொலர். கிழமை நாளில கரண்டு வேலை செய்யிறார். அந்தக் காசுக்கு அவர் ஆடுற ஆட்டத்தை நீங்கள் பாக்கோணும். நான் பாத்தனான்."

பிறகு என்னை அறியாமலே கைகள் எழுந்தன. இரண்டு முழங்கையும் மடித்து, உள்ளங்கை முகத்தைப் பார்க்க, நடுவரின் சைகை. பந்து வெளியே.

யாரோ சிரித்தார்கள். குணசேகரம் சிரிக்கவில்லை. பேனையை மூடினார், திறந்தார்.

"அப்ப அண்ணை, ஹொல்ஸ்டெப்ரோப் பந்தும் வெளியதானோ?"

"ஓம். நாலு விரற்கடை."

"அஞ்சு" என்றார். "நான் கோட்டடியில நிண்டனான்."

பதினான்கு வருடம்! இவர் கண்டவர். கண்டுவிட்டுத்தான்... எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்வது அந்த மனிதனுக்கும் லேசாக இருந்திருக்காது.

வாசலிலேயே நின்று சாரங்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஓம்" என்றேன். "என்னத்துக்கு ஓம்?" என்றாள். "எல்லாத்துக்கும்" என்றேன்.

ஜூன் 14, சனி

வெயில். சங்கத்தின் விளையாட்டு விழா. காலையில் குணசேகரம் வந்து என் கையில் விசிலைத் திணித்துவிட்டு, கொடி கட்டப் போய்விட்டார். புது விசில். ஏழு ஆட்டம் நடத்தினேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது.

றொனிஷன் வியாழன்தான் வந்து இறங்கினான். கோட்டடியில் புல்லில் இருந்து எல்லா ஆட்டமும் பார்த்தான். முடிந்ததும் பக்கத்தில் வந்து கேட்டான்: "அங்கிள், இதுக்கு உங்களுக்கு என்ன தருகினம்?"

கடதாசித் தட்டைக் காட்டினேன். றோல்ஸ் ஒன்று. இன்னும் சூடாக இருந்தது.

பிய்த்து, பெரிய பாதியை அவனுக்குக் கொடுத்தேன்.