பெயரும் நட்சத்திரமும்

மேரு, கிள்ளான்
24 பிப்ரவரி 2024

அன்புள்ள தங்கத்திற்கு,

கையால் எழுதிய கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியது ஐந்தாம் படிவப் பரீட்சை முடிந்து என்னைக் காரைக்குடிக்கு அனுப்பியபோது. நீ கேரி தீவிலிருந்து பதில் போடுவாய். பாதிக் கடிதம் உங்கள் தோட்டத்து நாய்களைப் பற்றியே இருக்கும். இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது, கையெழுத்து கோழி கிளறியது மாதிரி ஆகிவிட்டது. பொறுத்துக்கொண்டு படி.

என் மசாலா ஆலை விஷயம் எதையும் இனி போனில் பேசக் கூடாது, வாட்ஸ்அப்பில் போடக் கூடாது என்று உன் முதலாளியும் என் வழக்கறிஞருமான விமலன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உங்கள் ஆபீஸுக்கு வந்து உன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழவும் வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன்.

ஜனவரியில் விமலன் எனக்கு அனுப்பிய ஆலோசனைக் கடிதத்தை நீதானே தட்டச்சு செய்தாய். ஆலை இடத்தின் வாடகை ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. அதை நீட்டிக்க வேண்டும் என்று நவம்பர் முப்பதுக்குள் நான் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். இடத்துக்காரர் தியாகராஜன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, தேதியைப் பற்றி வாய் திறக்காமல் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்று விமலன் எழுதியிருந்தார். அதே மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன். கையெழுத்துக்கு நாள்கூடக் குறித்தாகிவிட்டது.

இந்தச் செவ்வாய்க்கிழமை தியாகராஜன் ஆலைக்கு வந்தார். வைத்த காபியைத் தொடவில்லை.

“நவம்பர் முப்பது தவறிப்போச்சாமே. உங்க லாயரே சட்டப்படி பிடிமானம் இல்லன்னு சொல்லிட்டாராமே. என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம் லா” என்றார்.

“யாரு அண்ணே சொன்னது?”

“யாரு சொன்னா என்ன, உண்மைதானே.”

மே முப்பத்தொன்றுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அரைவை இயந்திரங்கள், இருபத்திரண்டு ஆட்கள், இவர்களைத் தூக்கிக்கொண்டு மூன்று மாதத்தில் எங்கே போவேன்? தேதியை மறந்தது என் தப்பு. அதை மறைத்துப் பேசி அவர் முன்னால் பிடிபட்டதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அந்தக் கடிதத்தைப் பார்த்தவர்கள் நான்கு பேர். எழுதிய விமலன், தட்டச்சு செய்த நீ, படித்த நான், கோப்பில் போட்ட ரஞ்சனி. உங்கள் ஆபீஸிலிருந்து போயிருக்காது, அங்கே நீ இருக்கிறாய். ரஞ்சனி பதினோரு வருஷமாக என் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறவள். ஆனால் அவள் தம்பி தியாகராஜனின் லோரி ஓட்டுகிறான் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நீ என்ன நினைக்கிறாய்?

தைப்பூசம் முடிந்து நீ கொண்டுவந்து கொடுத்த விபூதிப் பொட்டலம் மேசையிலேயே இருக்கிறது. தினமும் பூசிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறேன். இத்துடன் மீன் கறித்தூள் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். போன தடவை காரம் போதவில்லை என்றாயே, இது உனக்காகவே அரைத்தது.

என்றும் உன்,
உமை


பிரிக்ஃபீல்ட்ஸ்
2 மார்ச் 2024

என் அன்பு உமைக்கு,

கடிதமும் கறித்தூளும் கிடைத்தன. காரம் சரியாக இருக்கிறது.

பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, கோபிக்காதே. ஆபீஸில் வேலை அதிகம். மழை வேறு. நேற்று ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் முழுக்க நனைந்துவிட்டேன். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

விமலன் என்னையும் கேட்டார். “அக்கா, இந்த லெட்டர் நம்ம ஆபீஸ விட்டு வேற எங்கயாச்சும் போச்சா?” என்றார். உமையாளுக்கு அனுப்பியதைத் தவிர எங்கும் போகவில்லை என்று சொன்னேன்.

ரஞ்சனி விஷயத்தில் அவசரப்படாதே. தம்பி லோரி ஓட்டினால் அக்கா கடிதத்தைக் காட்டிவிடுவாளா? இந்த மாதிரி விஷயங்கள் எப்படி எப்படியோ வெளியே போய்விடுகின்றன. இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பொறு. தியாகராஜன் வேறு ஏதாவது சொன்னாரா? யார் மூலம் தெரிந்தது என்று ஒரு குறிப்பாவது கொடுத்தாரா? ஞாபகப்படுத்தி எழுது.

விபூதியைப் பூசிக்கொள்கிறாய் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை நான் பல தடவை படித்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன்னைப் பார்க்க வர வேண்டும், வருகிறேன்.

உன்,
தங்கம்


மேரு
11 மார்ச் 2024

அன்புள்ள தங்கத்திற்கு,

வருகிறேன் வருகிறேன் என்கிறாய், கிள்ளான் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? கொம்யூட்டர் ரயிலில் ஏறினால் கூட்டிப்போக வண்டியோடு நான் நிற்க மாட்டேனா? பள்ளிக்கூட நாளில் இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து வந்தவள், இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சோம்பல்படுகிறாய்.

நீ பொறு என்றாய். என்னால் முடியவில்லை. ரஞ்சனியைப் போன வியாழக்கிழமை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினேன். ஆனால் வெளியே மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

“நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. லெட்டர படிச்சுக்கூட பார்க்கல, ஃபைல்ல போட்டேன், அவ்வளவுதான்” என்றாள்.

“வேற யாரு சொல்லியிருப்பா, நீயே சொல்லு” என்றேன்.

“அது எனக்கு எப்படிக்கா தெரியும்? நீங்க நம்பலன்னா நான் என்ன சொல்றது?”

சாவிக்கொத்திலிருந்து ஆபீஸ் சாவி, அலமாரிச் சாவி, சாமி அறைச் சாவி மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாள். வளையம் இறுக்கமாக இருந்ததால் எளிதில் திறக்கவில்லை. நான் உதவி செய்யவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனவள் வாசலில் செருப்பு மாட்டும்போது அழுதாள் என்று பிறகு சொன்னார்கள். தம்பியும் லோரி வேலையை விட்டுவிட்டானாம். அக்காவைத் துரோகி என்கிற ஆலைக்கு இடம் கொடுத்தவரிடம் வேலை செய்ய மாட்டேன் என்றானாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனது சரியில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவளைத் தவிர ஆள் இல்லையே, தங்கம். நான் செய்தது சரிதான் என்று ஒரு வரி எழுது. நீ சொன்னால் நம்புவேன்.

தியாகராஜன் வேறு எதுவும் சொல்லவில்லை. காப்பாரில் ஒரு பழைய கிடங்கைப் பார்த்து வந்தேன். சின்னது, கூரை ஒழுகுகிறது.

என்றும் உன்,
உமை


பிரிக்ஃபீல்ட்ஸ்
17 மார்ச் 2024

உமை,

நீ கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியாது. ரஞ்சனி எதுவும் செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இந்தத் தடவை நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக் குழுவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் நூற்று அறுபது பேர் இருக்கிறோம். யாருக்காக வேண்டுகிறோமோ அவர் பெயர், நட்சத்திரம், என்ன குறை என்று போட்டால், குருக்கள் அதைப் பார்த்துச் சங்கல்பம் செய்வார். மற்றவர்கள் வீட்டில் விளக்கேற்றி வேண்டிக்கொள்வார்கள். விமலனின் கடிதத்தைத் தட்டச்சு செய்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தைப்பூசத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் போட்டதைப் போனிலிருந்து பார்த்து எழுதுகிறேன்:

“உமையாள், மீன ராசி, உத்திரட்டாதி நட்சத்திரம். மேருவில் மசாலா ஆலை நடத்துகிறார். வாடகை ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கடிதத்தை நவம்பர் 30க்குள் கொடுக்கத் தவறிவிட்டார். சட்டப்படி பிடிமானம் இல்லை என்று லாயர் சொல்லிவிட்டார். இடத்துக்காரர் கவனிக்கும் முன் புது ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். அனைவரும் வேண்டிக்கொள்ளவும்.”

அறுபத்து மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அந்தப் பூசையின் விபூதிதான் உன் மேசையில் இருப்பது.

உன் முதல் கடிதத்தில் “சட்டப்படி பிடிமானம் இல்லை” என்ற சொற்களைப் பார்த்ததும் குழுவில் நான் போட்டதை எடுத்துப் பார்த்தேன். விமலனின் ஆங்கிலக் கடிதத்தில் இந்தச் சொல் கிடையாது. குழுவில் போட நான் தமிழாக்கியது அது. அன்றே அறுபத்து மூன்று பெயர்களையும் பார்த்தேன். ‘கௌசி’ என்று எனக்குத் தெரியாத ஒரு பெயர், விளக்குப் படம் வைத்திருந்தார். குழுவை நடத்தும் தனலெட்சுமி அக்காவைக் கேட்டேன். “அது நம்ம மேரு தியாகராஜன் வீட்டுக்காரம்மா கௌசல்யா லா, உனக்குத் தெரியாதா?” என்றார்.

ஆக, போன கடிதம் எழுதியபோதே எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே மழையைப் பற்றி எழுதினேன். தெரிந்துகொண்டே விமலனிடம் எங்கும் போகவில்லை என்றேன். தியாகராஜன் என்ன சொன்னார் என்று கேட்டது உனக்காக இல்லை, என் பெயர் வந்ததா என்று பார்க்கத்தான். ரஞ்சனி சாவியைக் கழற்றிய அன்று நான் இங்கே உன் கறித்தூளில் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

அன்பினால் செய்தேன் என்று எழுதித்தான் மூன்று கடிதத்தையும் கிழித்தேன். அது முழு உண்மை இல்லை. பெயரும் நட்சத்திரமும் போட்டிருந்தால் சாமிக்குப் போதும். நவம்பர் முப்பதும் லாயர் சொன்னதும் சாமிக்கு எதற்கு? அதை நான் அந்த நூற்று அறுபது பேருக்காகத்தான் எழுதினேன். ஆலைக்காரி என் தோழி, அவள் விஷயம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது. இதை எழுதும்போது என் முகம் எரிகிறது.

வெள்ளிக்கிழமை விமலனிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. “அக்கா, கோர்ட்டே கேட்டாலும் நாம காட்ட வேண்டியதில்லாத லெட்டர் அது. அத நீங்க கோயில் குரூப்புல போட்டுட்டீங்க” என்றார். நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்ட தாளை அவர் கோப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார், நான் அதைப் பார்க்கவில்லை. உனக்கு அவர் முறைப்படி எழுதுவார். வேறு வழக்கறிஞரிடம் போக வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம் என்றும் சொன்னார்.

நேற்று ரஞ்சனி வீட்டுக்குப் போனேன். கம்பிக் கதவைத் திறக்கவில்லை. வெயிலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “இத என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க” என்றாள். அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன், உமை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரஞ்சனியைக் கூப்பிடு. அதை மட்டும் உடனே செய்.

தங்கமணி


மேரு
9 ஏப்ரல் 2024

தங்கமணிக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது.

ரஞ்சனியைக் கூப்பிட்டேன். இரண்டு தடவை வரவில்லை. மூன்றாம் தடவை நானே காப்பாரில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். எல்லார் முன்னாலும் நான் செய்தது தப்பு என்று சொன்னால் வருவதாகச் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு இருபத்திரண்டு பேர் முன்னால் சொன்னேன். மிளகாய் நெடியில் கண் எரிந்தது நல்லதாகப் போயிற்று. மூன்று சாவியையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். முன்பு அக்கா என்பாள். இப்போது மேடம் என்கிறாள்.

தியாகராஜன் வீட்டுக்கும் போனேன், தேதியை மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்க. கௌசல்யா வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் முதல்ல உங்களுக்காக வேண்டிக்கிட்டேங்க. அப்புறந்தான் அவர்கிட்ட சொன்னேன்” என்றார். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தியாகராஜன் ஆகஸ்ட் வரை தவணை கொடுத்திருக்கிறார். காப்பார் கிடங்கின் கூரையை மாற்றிக்கொண்டிருக்கிறோம். விமலனிடமே இருந்துகொள்கிறேன். அவர் ஆபீஸுக்கு நான் போய் வரும்போது உன் மேசையைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

உன் மேல் கோபம் இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை. என் மேல்தான் அதிகம். நான்கு பேர் பெயரை எழுதி உன் பெயரை முதலில் அடித்தவள் நான். நீ செய்திருக்க மாட்டாய் என்பதைத் தவிர ரஞ்சனிக்கு எதிராக என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

விபூதியை எறிய மனம் வரவில்லை. பொட்டலத்தின் மேல் உன் கையெழுத்தில் என் பெயரும் நட்சத்திரமும் இருக்கின்றன. இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

என் மகள் விஷயம், என் உடம்பு விஷயம், இந்த மூன்று வாரத்தில் உன்னிடம் சொல்ல எத்தனையோ வந்தன. பேனாவை எடுத்தேன். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று யோசித்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் உனக்கு எழுதும்போது அப்படி யோசித்ததே இல்லை. இந்தக் கடிதத்தை முதலில் நான்கு பக்கம் எழுதினேன். பிறகு படித்துப் பார்த்து, யார் படித்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உமையாள்