லேபிளை மறைத்து அளந்தபோது

நவம்பர் 14, வியாழன். ஜாதவ்பூர்.

முரளி அண்ணாவின் முகம் தூங்க விடவில்லை.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பன்றிக்குட்டிகளின் சிறுகுடலை நுண்ணோக்கியில் அளந்து வருகிறேன். கழிச்சல் கண்ட குட்டிகளின் குடலுக்குள் விரல் விரலாக நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து குட்டையாகிவிடும். தீவனத்தில் அவர் கலந்த மருந்து அவற்றை மறுபடி வளர்க்கிறது என்பதில்தான் ஆய்வே நிற்கிறது. என் அளவுகளும் அப்படித்தான் சொல்லின.

சாய்வாக வெட்டுப்பட்ட உறிஞ்சிகளின் உயரம் தப்பாகத் தெரியும் என்பதால் அவற்றை அளக்காமல் விடுவது எங்கள் வழக்கம். எது சாய்வு என்பதை அளப்பவரின் கண்தான் முடிவு செய்கிறது. அது உறுத்தியதால் இன்று எது மருந்து தின்ற குட்டி என்று காட்டும் ஸ்லைடு லேபிளை மறைத்து, கலைத்துப்போட்டு அளந்தேன். மருந்து தின்ற குட்டிகளுக்கும் தின்னாதவற்றுக்கும் வித்தியாசமே இல்லை.

கேன்டீனில் அவரிடம் சொன்னேன். "பன்னிக்கே இல்லாத கவலை உனக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தார். பிறகு டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்தார்.

"பழைய அளவையே வெச்சுக்குவோம். நீ ஒண்ணும் பொய் சொல்லலையே."

சொல்லவில்லைதான். இந்த ஊரில் எனக்கு அறை தேடிக் கொடுத்தவர் அவர். அவர் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் கண் அதற்கேற்றபடி உறிஞ்சிகளைப் பொறுக்கியிருக்கிறது.

நாளை அவரையே லேபிளை மறைத்து அளக்கச் சொல்லப்போகிறேன். மறுத்தால் அவர்மேல் கோபமாவது படலாம். சம்மதித்தால், அளந்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாரே, அப்போது என்ன சொல்வேன்?