இரண்டு நாட்டுப் பட்டம்

வியாழக்கிழமை இரவு, ஏவன்டேல்

இன்று என் மானம் கப்பலேறியது. மகள் வித்யாவின் பல்கலைக்கழகத்தில் கூட்டுப் பட்டப்படிப்புக்குத் தெரிவானவர்களின் பெற்றோருக்குக் கூட்டம். நான் கலியாணவீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மற்ற அப்பாமார் அரைக்காற்சட்டையோடு வந்திருந்தார்கள். வாசலில் நின்ற பெண் என்னை ஜெர்மனியிலிருந்து வந்த பேராசிரியர்களில் ஒருவர் என்று நினைத்து, அவர்களோடு முன்வரிசையில் இருத்திவிட்டாள். ஊரில் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையோடு படிப்பை நிறுத்திய நான், கூட்டம் முடியும்வரை தலையாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர் ஏதோ கேட்டார். அதற்கும் ஆட்டினேன்.

முதல் இரண்டு வருடம் இங்கே, கடைசி இரண்டு வருடம் ஜெர்மனியில். ஒரே சான்றிதழில் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயரும் இருக்குமாம். சேருகிறேனா இல்லையா என்று அவள் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் தாய் இறந்த பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கூட்டம் முடிந்து ரயிலில் ஏறியதும், கூட வந்திருந்த வித்யா, "ஹலோ ப்ரொபெசர், நைஸ் கோட்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. எப்போதும் இங்கிலீஷில் கதைக்கிறவள், அடுத்ததைத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, நீங்க தனிய இருப்பீங்களா? வேண்டாமெண்டா சொல்லுங்கோ, நான் போகேல்லை."

"உனக்கென்ன விசரே? நீ போனா ரிவி ரிமோட் எனக்குத்தான். போயிட்டு வா பிள்ளை."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். இன்னொரு தரம் கேட்பாள் என்று வீடு வரும்வரை பார்த்திருந்தேன். கேட்டிருந்தால், போகாதே என்று சொல்லியிருப்பேன்.